கூட்டாளிகிட்ட இயேசுவ பத்தி எப்படிப் பேசுறது: நம்ம கடக்கரைக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் தங்கச்சிமடம் பக்கத்து ஆளு. அப்பா வள்ளத்துல தொழிலுக்குப் போனவரு, எனக்கு கடல் ஒத்துக்கல, ஏறுனா வாந்தி, அதனால கரையிலயே படகு இன்ஜின் சாமான் விக்கிற கடை போட்டு இருபது வருசம் ஓடிருச்சு. கடைக்கு வர்றவங்கள்ல நம்ம ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) ஆளுங்களும் இருக்காங்க, இந்துக்களும் இருக்காங்க, பாய்மாரும் இருக்காங்க. பிஸ்டன் ரிங்குக்கு மதம் கிடையாது.

போன தவக்காலத்துல அன்பியக் கூட்டத்துக்கு (பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிற கூட்டம்) வந்த ஃபாதர், "நீங்க ஒவ்வொருத்தரும் ஒருத்தர்கிட்டயாவது உங்க விசுவாசத்த பகிர்ந்துக்கணும்"னு சொன்னாரு, சொன்னதும் எல்லாரும் தலையக் குனிஞ்சு பாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். வெளிய வந்து செருப்பு மாட்டும்போது ஒரு அக்கா கேட்டுச்சு: "அப்ப நாமளும் பஸ் ஸ்டாண்டுல நின்னு நோட்டீஸ் குடுக்கணுமா தம்பி?" இல்லக்கா, அப்படி இல்லன்னு சொல்லிட்டேன், ஆனா பின்ன எப்படின்னு கேட்டப்ப எனக்கு ஒழுங்கா சொல்ல வரல. வீட்டுக்கு வந்து யோசிச்சு, ஃபாதர்கிட்டயும் மறைக்கல்வி சொல்லிக் குடுக்குற உபதேசியார்கிட்டயும் கேட்டு, எனக்கு நடந்ததையும் நான் சொதப்புனதையும் சேத்து எழுதுனதுதான் இது. கொஞ்சம் நீளம், டீயோட உக்காந்து படிங்க.

மொதல்ல அந்த மீன் விசயத்த தீத்துருவோம்

லூக்கா நற்செய்தி 5-ல இயேசு மீன் பிடிக்கிற சீமோன்கிட்ட, இனிமே நீ மனுசங்களப் பிடிப்பேன்னு சொல்றாரு. இத வச்சு நம்ம கோயில்கள்ல எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், வலை, படகு, ஆழத்துக்குப் போன்னு. ஆனா நமக்குத் தெரியாததா, பிடிச்ச மீனுக்கு என்ன ஆகும்னு? ஐஸ் பெட்டி, ஏலம், லாரி. யாரு அப்படி பிடிபட ஆசைப்படுவா?

ஒரு ஃபாதர் எனக்கு சொல்லித் தந்தாரு, லூக்கா அந்த இடத்துல எழுதியிருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு ‘உயிரோட பிடிக்கிறது’ன்னு அர்த்தமாம், போர்ல ஒருத்தனக் கொல்லாம உயிரோட விடுறதுக்கும் அதே சொல்லாம். கடல்ல தத்தளிக்கிறவன கையப் பிடிச்சுத் தூக்கி படகுல ஏத்துற மாதிரின்னு வச்சுக்கங்களேன். நம்ம ஊர்ல அது எல்லாருக்கும் புரியும்.

அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேளுங்க. இவன் சாகுற வரைக்கும் கோயில் வாசல மிதிக்கவே மாட்டான்னு இப்பவே தெரிஞ்சுருச்சு, அப்பவும் நான் இவன்கூட டீ குடிப்பேனா? இவன் புள்ள கல்யாணத்துக்கு பந்தல் போட நிப்பேனா? இல்லன்னு பதில் வந்தா இதுக்கு மேல படிக்காதீங்க, நீங்க தேடுறது கூட்டாளி இல்ல, கணக்கு.

படி 1: உங்க அடுப்பு எரியுதான்னு பாருங்க

இதுல நீட்டி முழக்க ஒன்னும் இல்ல. ஞாயித்துக்கிழமை பூசை, அப்பப்ப பாவசங்கீர்த்தனம் (ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்குறது), தினம் பத்து நிமிசம் நற்செய்தி, ராத்திரி ஜெபமாலை, தூக்கம் வந்தா அதுல ஒரு பத்து மணியாவது உருட்டுறது. இது இல்லாம வெளிய போய்ப் பேசுனா வெறும் வாய்தான் பேசும். 1975-ல போப் ஆறாம் பவுல் நற்செய்தி அறிவிப்பு பத்தி எழுதுன மடல்ல, இந்தக் காலத்து மனுசன் போதிக்கிறவங்கள விட சாட்சியா வாழ்றவங்கள சொன்னாத்தான் கேப்பான்னு எழுதியிருக்காரு. நம்ம ஊரு பாசையில, வட்டிக்கு விட்டுட்டு சுரூபத்துக்கு மால போட்டா எவன் நம்புவான்.

கூடவே ஒரு வேலை. ஒரு சின்ன நோட்டுல மூனு பேரு எழுதிக்கங்க, மூனுக்கு மேல வேணாம். தினம் அந்த மூனு பேரையும் பேரு சொல்லி ஜெபிங்க. அவங்ககிட்ட போய் "உன் பேர நோட்டுல எழுதியிருக்கேன்"னு சொல்லிறாதீங்க, பயந்துருவாங்க.

படி 2: கூட இருக்கிறது (இதுதான் பெருசு, வருசக்கணக்கா ஆகும்)

எம்மாவுசுக்கு ரெண்டு பேரு நடந்து போற கதை லூக்கா 24-ல இருக்கு, அத ஒருக்கா மெதுவாப் படிங்க. உயிர்த்த ஆண்டவர் கூட நடக்குறாரு, ஆனா எடுத்தவுடனே பிரசங்கம் பண்ணல, "என்ன பேசிக்கிட்டு வர்றீங்க"ன்னு கேக்குறாரு. அவங்க மனசுல இருந்த ஏமாற்றம் எல்லாத்தையும் கொட்டுறாங்க, முழுசா கேக்குறாரு, அதுக்கப்புறம்தான் வேதத்த எடுத்துப் பேசுறாரு. ஊரு வந்ததும் தாண்டிப் போற மாதிரி காட்டிக்கிறாரு, அவங்க "எங்ககூட தங்குங்க"ன்னு வற்புறுத்துன பிறகுதான் வீட்டுக்குள்ள போறாரு. கூப்பிடாத வீட்டுக்குள்ள கடவுளே போகலங்க, நாம எதுக்கு?

நம்ம கரையில கூட இருக்குறதுக்கு சந்தர்ப்பத்துக்குப் பஞ்சமே இல்ல. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, கையில காசு இருக்காது, மனுசன் சிடுசிடுன்னு இருப்பான், சில பேரு குடிச்சுட்டு விழுவான். அந்த நேரத்துல போய் "ஆண்டவர் பாத்துக்குவாரு"ன்னு சொல்றது சுலபம். அவன் படகுக்கு பெயிண்ட் அடிக்கிறப்ப ஒரு நாள் கூட நிக்கிறது, நம்ம கடையில கடன் சொன்னா மூஞ்சி சுளிக்காம குடுக்குறது, அதுதான் கஷ்டம். இலங்கை நேவி படகப் பிடிச்சுட்டா அந்த வீட்டுப் பொம்பளைங்க ஆபீஸ் ஆபீஸா அலைவாங்க, மனு எழுதத் தெரியாது, நமக்கு நாலு எழுத்து தெரிஞ்சா எழுதிக் குடுக்கலாம், கலெக்டர் ஆபீசுக்கு ராமநாதபுரம் வரைக்கும் பஸ்ல கூடப் போலாம். கடல் பாசி எடுக்கப் போற அக்காமாரு கையெல்லாம் பாறையில கிழிஞ்சு வருவாங்க, என் பொண்டாட்டி ஒரு பழைய டப்பாவுல மருந்தும் பஞ்சும் வச்சிருப்பா, யாரு வந்தாலும் கட்டி விடுவா. அவ இது வரைக்கும் யார்கிட்டயும் மதம் பேசுனது இல்ல, ஆனா "அந்தோணியார் கோயிலு எப்ப தொறந்திருக்கும்"னு தெருவுல கேக்குறவங்க எல்லாம் அவகிட்டதான் வர்றாங்க, என்கிட்ட இல்ல. கொஞ்சம் பொறாமதான்.

துக்க வீடு ரொம்ப முக்கியம். போங்க, கூட தூக்குங்க, பந்தல்ல சேர் எடுத்துப் போடுங்க, வாயத் தொறக்காதீங்க. நான் ஒரு தடவ பண்ண தப்பு சொல்றேன். கூட்டாளி ஒருத்தனோட தம்பி கடல்ல தவறிட்டான், மூனாம் நாள்தான் உடம்பு கெடச்சுச்சு. நான் போய், ரொம்ப அக்கறையாத்தான், நித்திய வாழ்வு அது இதுன்னு ஆரம்பிச்சுட்டேன். அவன் என்ன ஒரு பார்வ பாத்தான் பாருங்க. எட்டு மாசம் கடைப்பக்கம் வரல. சொன்னது பொய் இல்ல, சொன்ன நேரம் அவனுக்கு சொந்தமான நேரம், அத நான் எடுத்துக்கிட்டேன்.

சாப்பாட்டு விசயம் எல்லாரும் கேக்குறது, அதையும் சொல்லிர்றேன். பாய் வீட்டு நோன்புக் கஞ்சி வந்தா சந்தோசமா குடிங்க, பெருநாள் பிரியாணிக்கு கூப்பிட்டா போங்க, அதுல ஒரு சிக்கலும் இல்ல. இந்துக் கோயில் பிரசாதம்தான் ஆளுக்கு ஆள் தடுமாறுறது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுன முதல் கடிதத்துல 8-லயும் 10-லயும் இதையேதான் பேசுறாரு: சிலை ஒன்னுமில்ல, சாப்பாடு சாப்பாடுதான், ஆனா நீ சாப்பிடுறதால இன்னொருத்தன் மனசாட்சி இடறுனா விட்டுரு, சாமிக்குப் படைக்கிற சடங்குலயே போய்க் கலந்துக்காத. என் பழக்கம், வீட்டுக்கு குடுத்து விட்ட பொங்கல அன்பா வாங்கிக்குவேன், அவங்க சாமி பூசையில போய் நிக்கிறது இல்ல, ஏன்னு கேட்டா மரியாதையா காரணம் சொல்வேன். சொன்னா புரிஞ்சுக்கிறாங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடுனாத்தான் வருத்தப்படுறாங்க. உங்களுக்கு சந்தேகமா இருந்தா உங்க பங்கு ஃபாதர்கிட்ட கேட்டுக்கங்க.

படி 3: ஒளிக்காம இருங்க, காட்டிக்கவும் வேணாம்

டீக்கடையில சிலுவ போட்டுட்டு குடிங்க. "ஞாயித்துக்கிழமை ஏன் கடை லேட்டு"ன்னு கேட்டா "பூசைக்குப் போயிருந்தேன்"னு சொல்லுங்க, ‘ஒரு வேலையா’ன்னு மழுப்பாதீங்க. தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதன்ல நெத்தியில சாம்பலோட கடையில உக்காந்திருந்தா நாலு பேராவது "என்னண்ணே திருநீறு பூசியிருக்கீங்க"ன்னு சிரிப்பாங்க, அதவிட நல்ல ஆரம்பம் எங்க கெடைக்கும்? "மண்ணுலருந்து வந்தோம், மண்ணுக்குப் போவோம்னு ஞாபகப்படுத்துறதுக்கு" அவ்வளவுதான் பதில். கடலோரத்துல இருக்குறவனுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

வாட்ஸ்அப் பத்தி ஒரு வார்த்த. "இந்த மாதா படத்த 10 பேருக்கு அனுப்புனா நாளைக்கு அற்புதம்"ங்கிறத தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. அது நம்ம விசுவாசமே இல்ல, மூடநம்பிக்கை. அத அனுப்புன மறுநாள் நீங்க உண்மையாவே ஒன்னு சொன்னாலும் அதே குப்பையிலதான் போகும்.

படி 4: "உனக்காக வேண்டிக்கவா?"

இந்த ஒரு கேள்விதான் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப எளிமையான கதவு. நம்ம பக்கத்துல வேண்டுதலுக்கு யாரும் மாட்டேன்னு சொல்றது இல்ல. ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்கள் போவாங்க, ஓரியூர்ல விசுவாசத்துக்காக உயிர விட்ட புனித அருளானந்தர்கிட்ட எல்லாரும் வந்து அவரு ரத்தம் சிந்துன அந்தச் செம்மண்ண எடுத்துட்டுப் போவாங்க, வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஜூலையில வர்ற கூட்டத்துல யாரு எந்த மதம்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது.

ஆனா மூனு விசயம். ஒன்னு, கேட்டுட்டுப் பண்ணுங்க, பொசுக்குன்னு தலையில கை வைக்காதீங்க. ரெண்டு, அங்கயே பண்ணா ரெண்டே வரி: "ஆண்டவரே, இவன் மகளுக்கு நாளைக்கு ஆப்பரேசன், நீங்க கூட இருங்க, டாக்டர் கைய நீங்க பிடிச்சுக்கங்க, ஆமென்." பேச்சுத் தமிழ்ல, அவன் பிரச்சினையோட பேரச் சொல்லி. மூனு, திரும்பக் கேளுங்க. "என்னடா, பாப்பா எப்படி இருக்கு?" இந்த மூனாவதத்தான் நாம மறந்துர்றோம். ஜெபிக்கிறேன்னு சொல்லிட்டு மறந்து போறது ஜெபிக்காததவிட மோசம்னு நினைக்கிறேன். குணமாகலேன்னா அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சு சொல்லாதீங்க, உன் விசுவாசம் பத்தலன்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க.

படி 5: ஒரு நாள் பேச வேண்டி வரும், அப்ப உங்க கதையச் சொல்லுங்க

கூட இருந்தா மட்டும் போதும், பேசவே வேணாம்னு சில பேரு சொல்லுவாங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. நமக்கு உசிரா இருக்கிற ஒன்ன உசிர் கூட்டாளிகிட்ட கடைசி வரைக்கும் சொல்லாம வச்சிருந்தா அது என்ன கூட்டாளித்தனம்? பேதுருவோட முதல் கடிதம் 3:15, உங்க நம்பிக்கைக்குக் காரணம் கேக்குறவங்களுக்கு பதில் சொல்லத் தயாரா இருங்க, ஆனா பணிவா, மரியாதையான்னு இருக்கு. அதுல ‘கேக்குறவங்களுக்கு’ங்கிறதயும் கவனிங்க, ‘தயாரா’ங்கிறதயும் கவனிங்க. 2013-ல போப் பிரான்சிஸ் எழுதுன ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யிலயும் இதே வரிசைதான்: மொதல்ல அவங்க பேசட்டும், அவங்க சந்தோசம் கவலை எல்லாம் கேளு, அப்புறம் ஆண்டவர் அன்ப பத்தி சொல்லு, தோதா இருந்தா சின்னதா ஒரு ஜெபத்தோட முடி.

தயாரா இருக்கறதுன்னா எப்படி? வீட்டுல ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. முன்னாடி நான் எப்படி இருந்தேன், என்ன நடந்துச்சு, இப்ப என்ன. ரெண்டு நிமிசத்துல சொல்லி முடிக்கிற அளவுக்கு. பெரிய அற்புதம் எல்லாம் வேணாம். என்னோடது இவ்வளவுதான்: கடை ஆரம்பிச்ச மூனாவது வருசம் கூட்டு வச்சிருந்த சொந்தக்காரன் பணத்த எடுத்துட்டுப் போயிட்டான், ரெண்டு வருசம் அவன எப்படிப் பழிவாங்குறதுன்னே யோசிச்சுக்கிட்டிருந்தேன், தூக்கம் இல்ல. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல அத ஃபாதர்கிட்ட சொன்னேன், அழுதுட்டேன், வெளிய வந்தப்ப அவன மன்னிச்சுட்டேன்னு சொல்ல முடியாது, ஆனா அவனக் கொல்லணும்னு தோணல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அதுவும் கரைஞ்சுச்சு. இத நான் சொன்னா யாரும் வாதம் பண்ண மாட்டாங்க, ஏன்னா இது என் கதை.

சொல்லும்போது கோயில் பாசைய வெளியில கழட்டி வச்சுருங்க. இரட்சண்யம், கிருபை, தேவதிரவிய அனுமானம், இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கே பாதிப் புரியாது. "பாவத்துலருந்து மீட்பு"ன்னு சொல்றதுக்குப் பதிலா, "கயிறு அறுந்து ஓடுன வள்ளத்த இன்னொரு வள்ளம் வந்து கட்டி இழுத்துட்டு வரும்ல, அப்படி"ன்னு சொல்லிப் பாருங்க. கடல்ல இன்ஜின் நின்னு போனவன கரைக்கு இழுத்துட்டு வர்றவன் அவன் சாதி மதம் கேக்குறதில்ல, காசும் கேக்குறதில்ல. அருள்னா என்னன்னு இதவிட நல்லா எனக்கு விளக்கத் தெரியாது.

படி 6: கேள்வி வரும், பயப்படாதீங்க

தெரியாததுக்குத் தெரியலன்னு சொல்லுங்க, "ஃபாதர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு உண்மையாவே கேட்டுட்டு வாங்க. அடிக்கடி வர்றத மட்டும் சொல்றேன்.

"நீங்க மாதாவத்தான கும்பிடுறீங்க?" கும்பிடுறது கடவுள மட்டும்தான், மாதா நம்ம அம்மா மாதிரி, நமக்காக மகன்கிட்ட பரிஞ்சு பேசுறாங்க, அதனால மரியாதை. அம்மா பேச்ச மகன் தட்டுவானான்னு கேட்டா நம்ம ஊர்ல எல்லாரும் தலையாட்டிருவாங்க.

பாய்மாருகிட்ட பேசுறப்ப, அவங்க ஈசா நபின்னு இயேசுவ மதிக்கிறாங்க, குர்ஆன்ல மர்யம் பேர்ல ஒரு அத்தியாயமே இருக்குங்கிறத தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பேசுங்க. 1965-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் மத்த மதங்கள பத்தி வெளியிட்ட அறிக்கையிலயே, அவங்க இயேசுவயும் மாதாவயும் மதிக்கிறத மரியாதையோட சொல்லியிருக்கு. அதே நேரம், இயேசு கடவுளோட மகன்னு நாம நம்புறோம், அவங்க இல்லன்னு நம்புறாங்க, அந்த வித்தியாசத்த பூசி மெழுகாதீங்க. என் கீழக்கரைக் கூட்டாளி ஒருத்தன் சொன்னான், "மச்சான், நீ உன்னோடத தெளிவா சொல்றதாலதான் உன்கூட பேசப் பிடிக்குது, எல்லாம் ஒன்னுதான்னு சொல்றவன்கிட்ட பேசுறதுக்கு என்ன இருக்கு?"

"இது வெள்ளக்காரன் மதம்தானே?" இதுக்கு நேர்மையா பதில் சொல்லணும். தூத்துக்குடி பக்கத்து முத்துக்குளித்துறை பரதவர் 1530-கள்ல மொத்தமா ஞானஸ்நானம் வாங்குனதுக்கு போர்ச்சுக்கீசியக்காரன் பாதுகாப்பு ஒரு பெரிய காரணம், அத மறைக்காதீங்க. 1542-ல புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தப்ப அவங்களுக்கு ஒரு ஜெபம்கூட சரியாத் தெரியல, அவருதான் தமிழ்ல ஜெபங்கள எழுத வச்சு, மனப்பாடம் பண்ணி, மணி அடிச்சுப் புள்ளைங்களக் கூட்டிச் சொல்லிக் குடுத்தாரு. மண்டபத்துக்குப் பக்கத்துல இருக்கே வேதாளை, அங்கதான் 1549-ல அந்தோணி கிரிமினாலிங்கிற இத்தாலிய சேசு சபை குரு, ஓடித் தப்பிக்காம சனங்களோட நின்னு உயிர விட்டாரு. பஸ்ல போறப்ப எத்தனையோ தடவ வேதாளையத் தாண்டியிருக்கேன், இது தெரியாமலே. வந்தவன் வெள்ளக்காரன்தான், ஆனா இங்க நின்னு செத்தவனும் இருக்கான்னு சொல்லுங்க. இயேசுவே வெள்ளக்காரன் இல்ல, ஆசியாக்காரருன்னும் சேத்து சொல்லுங்க.

"உங்க கோயில்ல மட்டும் சாதி இல்லையா?" இருக்கு. இல்லன்னு சொன்னா பொய். 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில திருச்சபைக்குள்ள சாதிக் கொடுமை இருக்குன்னும் அது பாவம்னும் ஒத்துக்கிட்டிருக்கு. தனிக் கல்லறை, தனித் தெரு சப்பரம்னு எத்தன சண்ட. இந்தக் கேள்விக்கு நான் தலை குனிஞ்சுதான் பதில் சொல்வேன், அப்படிச் சொல்றதுதான் சரின்னும் நினைக்கிறேன்.

படி 7: கூப்பிடுறது

யோவான் 1-ல நத்தனயேல், நாசரேத்துலருந்து நல்லது ஏதும் வருமான்னு நக்கலா கேக்குறப்ப பிலிப்பு வாதம் பண்ணல, "வந்து பாரு"ன்னு மட்டும் சொன்னாரு. பிலிப்பும் நம்மள மாதிரி கரை ஊருக்காரர்தான், பெத்சாயிதா.

எடுத்தவுடனே ஞாயிறு பூசைக்கு கூப்பிடாதீங்க, ஒன்னும் புரியாம ஒன்றரை மணி நேரம் உக்காந்திருப்பாங்க. கொடியேற்றம், சப்பரம், கிறிஸ்மஸ் குடில் பாக்குறது, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், இதுக்கெல்லாம் கூப்பிடுங்க. கல்லறைத் திருநாள்தான் எனக்குப் பிடிச்சது, சாயங்காலம் கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி எரியும், பூ போட்டிருக்கும், செத்தவங்க பேரச் சொல்லி ஜெபிப்பாங்க, பாக்குறவங்க மனசுல அதுவா ஒரு கேள்வி வரும். தனுஷ்கோடிக்கு வெளியூர்க் கூட்டாளியக் கூட்டிட்டுப் போனா அந்த இடிஞ்ச கோயில்ல போட்டோ எடுத்துட்டு மட்டும் வராதீங்க, 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிக்கிற வரைக்கும் அங்க பூசை நடந்த கோயிலு, ஜெபம் சொன்ன குடும்பங்க இருந்த ஊருன்னு சொல்லுங்க.

பூசைக்கே வர்றேன்னு சொன்னா முன்கூட்டி ரெண்டு விசயம் சொல்லிருங்க. செருப்ப வெளிய விடணும், எந்திரிக்கிறப்ப எந்திரிச்சா போதும், முழங்கால் போட வேண்டியதில்ல. அப்புறம் நற்கருணை. இத முன்னாடியே சொல்லலேன்னா பிரசாதம்னு நினைச்சு வரிசையில போய் நிப்பாங்க, என் கூட்டாளி ஒருத்தன் அப்படிப் போய் வாங்கி சட்டைப் பையில போட்டுட்டு வந்தான், "வீட்டுல புள்ளைங்களுக்கு குடுக்கலாம்னு" அப்படின்னான், பாவம், அவன் ஊர்ல கோயில்ல குடுத்தா அப்படித்தான் கொண்டு போவாங்க. கோயில் பிள்ளை (பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கிறவரு) ஓடி வந்து, எல்லாரும் திரும்பிப் பாத்து, அவனுக்கு ஒரே அவமானம். தப்பு அவனோடது இல்ல, என்னோடது. "அது எங்களுக்கு ஆண்டவரோட உடல், ஞானஸ்நானம் வாங்கி தயாரிச்சவங்க மட்டும் வாங்குறது, நீ உக்காந்திரு, நான் போயிட்டு வந்துர்றேன்"னு பஸ்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

நடுவுல ஒன்னு: செய்யவே கூடாதது

காசு, அரிசி, ஸ்கூல் சீட்டு, வேலை, கடன், கல்யாணம், இது எதையும் விசுவாசத்தோட முடிச்சுப் போடாதீங்க. சட்டத்துக்குப் பயந்து சொல்லல. 2002-ல தமிழ்நாட்டுல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்துச்சு, 2004-ல திரும்ப வாங்கிட்டாங்க, அது தனி அரசியல். நம்ம திருச்சபையே 1965-ல சமய சுதந்திரம் பத்தின அறிக்கையில சொல்லிருச்சு, விசுவாசத்தப் பரப்புறப்ப கட்டாயமோ நேர்மையில்லாத இழுப்போ கூடாது, அதுவும் ஏழைங்ககிட்டயும் படிக்காதவங்ககிட்டயும் கூடவே கூடாதுன்னு. திருச்சபைச் சட்டம் 748-லயும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு இருக்கு. அதனால உதவி பண்ணுற அன்னைக்கு மதம் பேசாதீங்க, இது என் சொந்த விதி. அரிசிப் பையக் குடுத்துட்டு வாய மூடிட்டு வந்துரணும்.

அடுத்தவங்க சாமிய பழிக்கிறது, பிசாசுன்னு சொல்றது, புள்ளைங்களப் பெத்தவங்களுக்குத் தெரியாமக் கூட்டிட்டு வர்றது, இதெல்லாம் சொல்லவே வேண்டியதில்ல.

படி 8: "நான் ஞானஸ்நானம் வாங்கலாம்னு இருக்கேன்"னு ஒருத்தர் சொன்னா

சந்தோசத்துல குதிக்காதீங்க, மொதல்ல "ஏன்"னு கேளுங்க. அப்புறம் ஃபாதர்கிட்டயோ உபதேசியார்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. ஆர்.சி.யில இது ஒரு நாள் வேலை இல்ல, பெரியவங்க சொந்த விருப்பத்தச் சொல்லணும், மறைக்கல்வி படிக்கணும், கிறிஸ்தவ வாழ்க்கைய கொஞ்ச காலம் வாழ்ந்து பாத்திருக்கணும்னு திருச்சபைச் சட்டம் 865 சொல்லுது. முடிஞ்சவரைக்கும் பாஸ்கா திருவிழிப்பு ராத்திரியிலதான் (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி) குடுப்பாங்க. அவசரப்படுத்துறவங்க நம்மளாத்தான் இருப்போம், திருச்சபை அவசரப்படல.

இன்னொன்னு, ரொம்பப் பேரு சொல்லாம விடுறது. பட்டியல் சாதியில பிறந்தவங்க கிறிஸ்தவரா மாறுனா 1950-ல வந்த அரசாணைப்படி அந்தச் சலுகை போயிரும், இங்க பி.சி.யில (பிற்படுத்தப்பட்டோர்) வருவாங்க. புள்ளைங்க படிப்பு, வேலை எல்லாத்தையும் அது தொடும். இது அநியாயம்னு திருச்சபை வருசக்கணக்கா போராடுது, ஆனா இன்னைக்கு நிலைமை இதுதான். கூட்டாளின்னா இத ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே உக்கார வச்சுச் சொல்லணும்.

குடும்பத்தையும் பாருங்க. அருளானந்தர் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், லிஸ்பன்ல பெரிய வீட்டுப் புள்ள, காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, மறவர் நாட்டுல சுத்துனவரு, 1693 பிப்ரவரி 4 ஓரியூர்ல தலைய வெட்டுனாங்க, 1947-ல புனிதர் பட்டம். எதனால ஆரம்பிச்சுச்சு? மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவருக்கு நோவு, மொதல்ல போய் ஜெபிச்சது சுவாமிகூட இல்ல, ஒரு உபதேசியார், சாதாரண ஆளு. தேவர் குணமாகி ஞானஸ்நானம் வாங்குறப்ப சுவாமி சொன்னபடி ஒரு மனைவிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்கள விலக்குனாரு, அதுல ஒருத்தங்க கடலை, ராமநாதபுரம் ராஜா சேதுபதியோட உறவுப் பொண்ணு, அவங்க போய் சேதுபதிகிட்ட அழுததுலதான் விசயம் முத்துச்சு. பிரசங்கத்துல கடலைய வில்லி மாதிரி சொல்லிட்டுப் போயிருவாங்க. நான் ஓரியூர் போறப்பெல்லாம் அந்தம்மாவ நினைச்சுக்குவேன். ஒரு நாள்ல வீடு இல்லாமப் போன பொண்ணு வேற என்ன பண்ணியிருக்கும்? சுவாமி சொன்னது சரிதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா இன்னைக்கு நம்ம கூட்டாளி ஒருத்தன் மாறுறான்னா அவன் அம்மா, பொண்டாட்டி, மாமனாரு எல்லாரும் அதுல அடிபடுவாங்க, அவங்க வீட்டுக்கும் நாம போய் உக்காரணும், திட்டுனா வாங்கிக்கணும்.

படி 9: வேணாம்னு சொன்னா, இல்ல ஒன்னுமே சொல்லலேன்னா

அடுத்த நாள் டீக்கு கூப்பிடுங்க.

தம்பி செத்த துக்கத்துல நான் வாயக் குடுத்து எட்டு மாசம் பேசாம இருந்தான்னு சொன்னேன்ல, அந்தக் கூட்டாளி பத்தி சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். அவன் திரும்பி வந்தது ஒரு ஆயில் சீல் வாங்க. நான் மன்னிப்பு கேட்டேன், அவன் "அத விடு"ன்னான். அதுக்கப்புறம் பதினாறு வருசம், நான் அவன்கிட்ட சாமிய பத்தி ஒரு வார்த்த பேசல, ஆனா நோட்டுல அவன் பேருதான் மொத பேரு. போன வருசம் எங்கம்மா தவறிட்டாங்க, முப்பதாம் நாள் பூசைக்கு அவனா வந்து கடைசித் தூணுகிட்ட உக்காந்திருந்தான். வெளிய வந்து பைக்க எடுக்குறப்ப கேட்டான்: "சாமியாரு அந்த அப்பத்தத் தூக்குறப்ப மணி அடிச்சீங்கள்ல, அது எதுக்கு?"

சொன்னேன். அந்த நேரம் அது அப்பம் இல்ல, ஆண்டவரே வந்துர்றாருன்னு நாங்க நம்புறோம், எங்கம்மாவும் உன் தம்பியும் எங்க இருக்காங்களோ அங்கயும் இருக்குறவரு. ரெண்டு நிமிசம்கூட ஆகல.

"ம்ம்"ன்னான். கொஞ்ச நேரம் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம நின்னான், அப்புறம் "அந்த ஃப்யூல் பம்பு நாளைக்கு வந்துருமா?"ன்னு கேட்டான். வந்துரும்னேன். நாளைக்கு ரெண்டு பேரும் மண்டபத்துக்கு ஐஸ் ஏத்தப் போறோம்.